ராத்திரி 3.12க்கு வந்த ஆறு நம்பர்

ஜூன் 4

காலைல எந்திரிச்சு போனைப் பாத்தா கேம் கம்பெனிலேருந்து நாலு மெயில், எல்லாம் ஒரே மாதிரி, உள்ள வர்றதுக்கான கோட் இதுதான்னு ஆறு நம்பர். டைம் ராத்திரி 3.12, 3.13, 3.13, 3.19. அந்நேரம் நான் தூங்கிட்டு இருந்தேன் (நிஜமாவே, வாரத்துல ஒரு நாள் சீக்கிரம் படுத்தேன், அது நேத்துதான்). சரி, கோட் இல்லாம எவனும் உள்ள வர முடியாதுல்ல, கதவு பூட்டித்தானே கிடக்குன்னு நாலையும் டெலீட் பண்ணிட்டு வேலைக்குக் கிளம்பிட்டேன்.

ஜூன் 5

கில்ட் (கேம்ல நாங்க சேந்து விளையாடுற குழு) அக்காகிட்ட பேச்சுவாக்குல சொன்னேன். அவங்க விளையாடிட்டு இருந்ததை அப்படியே நிறுத்திட்டாங்க. "டேய், உன் கேம்ல பாஸ்வேர்ட் சரியா போட்டாதான்டா கோட் போகும். தப்பா போட்டா அங்கேயே தொரத்திரும். கோட் வந்துச்சுன்னா பாஸ்வேர்ட் அவன் கைல இருக்குன்னு அர்த்தம், நீ என்னடான்னா டெலீட் பண்ணிட்டேன்னு பெருமையா சொல்ற."

எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. பாஸ்வேர்டை மாத்தணும்னு மெயில் மூலமா ரீசெட் கேட்டா வர்ற மெயில் வேற, அதுக்கு உன் மெயில் ஐடி தெரிஞ்சா போதும், எந்த வெட்டிப்பயலும் தட்டலாம். இது அப்படி இல்ல. கதவுக்கு ரெண்டு பூட்டு, ஒண்ணைத் தெறந்துட்டு ரெண்டாவதுல நின்னுட்டு இருக்கான்.

உடனே பாஸ்வேர்ட் மாத்துனேன். மெயில்ல இருந்த பட்டனைத் தொடல, கேமுக்குள்ள போய் செட்டிங்ஸ் வழியாதான் மாத்துனேன், அக்கா லைன்லயே இருந்து பாத்துக்கிட்டாங்க. எல்லா டிவைஸ்லேருந்தும் வெளியேத்துன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதையும் அமுக்குனேன். அந்த லிஸ்ட்ல ரெண்டு வருஷம் முன்னாடி வித்த போன் ஒண்ணு இன்னும் லாகின்லயே இருந்துச்சு. அதை வித்தப்ப துடைச்சேனா இல்லையான்னு சத்தியமா ஞாபகம் இல்ல.

ஜூன் 6

பாஸ்வேர்ட் எப்படிப் போச்சுன்னு தெரியாம தூக்கம் வரல. ஹேவ் ஐ பீன் போன்ட்னு ஒரு சைட், ட்ராய் ஹன்ட்னு ஒருத்தர் 2013ல ஆரம்பிச்சது, மெயில் ஐடி போட்டா எந்தெந்தத் திருட்டுல நம்ம விவரம் வெளிய வந்திருக்குன்னு சொல்லும். போட்டேன். கேம் கம்பெனி பேரு அதுல இல்ல. என்னைக்கோ மாட் (கேமை மாத்தி அமைக்க ரசிகர்கள் பண்ற ஃபைல்) டவுன்லோட் பண்ண சேந்து, மறந்தே போன ஒரு சைட் இருந்துச்சு. அங்கயும் இதே பாஸ்வேர்ட்தான். அங்க மட்டுமா, எண்ணிப் பாத்தா பதினோரு எடத்துல.

அப்ப என் அக்கவுண்ட்டை யாரும் குறி வச்சு அடிக்கல. ஒரு சைட்ல லீக் ஆன மெயில், பாஸ்வேர்ட் ஜோடியை மொத்தமா எடுத்து வேற சைட்கள்ல ஒவ்வொண்ணா போட்டுப் பாக்குது ஒரு பாட், தானா ஓடுற புரோகிராம். வரிசைல நானும் ஒருத்தன், அவ்ளோதான். இது தெரிஞ்சதும் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் அவமானமாவும் இருந்துச்சு, ஒன்பது வருஷமா சேத்த கேரக்டருக்கு அவன்கிட்ட ஒரு வரி மதிப்புதான்.

அதே சைட்ல பாஸ்வேர்டையும் போட்டுப் பாக்கலாம். அங்கேயே பாஸ்வேர்டைக் குடுக்கறதா, இது என்ன கூத்துன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா பாஸ்வேர்ட் அங்க போறதே இல்லயாம். நம்ம பிரவுசர்லயே அதை ஷா-1னு ஒரு கணக்குல போட்டு 40 எழுத்தாக்கி, அதுல முதல் அஞ்சு எழுத்தை மட்டும் அனுப்புது. அந்த அஞ்சுல ஆரம்பிக்கிறது எல்லாம் லிஸ்ட்டா திரும்பி வருது, மிச்சம் ஒத்துப்போகுதான்னு நம்ம பக்கமே பாத்துக்குது. எவன் யோசிச்சானோ, நல்ல மூளை. என் பழைய பாஸ்வேர்டு அதுல இருந்துச்சு.

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் (எல்லா பாஸ்வேர்டையும் ஞாபகம் வச்சு அதுவே போட்டுவிடுற ஆப்) போட்டு பதினோரு எடத்துலயும் மாத்துனேன். மொத ஆளா மெயில். அது போச்சுன்னா மத்தது எல்லாத்தையும் அவனே ரீசெட் பண்ணிக்குவான்.

ஜூன் 8

மெயில் செட்டிங்ஸை நோண்டுனேன். நமக்கே தெரியாம ஃபார்வர்டிங், ஃபில்டர் ஏதாவது போட்டு வச்சிருப்பாங்கன்னு அக்கா பயமுறுத்தியிருந்தாங்க, அப்படி ஒண்ணும் இல்ல. ஆனா ரெக்கவரி மெயில்னு (பாஸ்வேர்ட் மறந்தா மீட்க உதவுற இன்னொரு ஐடி) இருந்தது யாஹூல நான் சின்ன வயசுல தொறந்த ஒரு ஐடி, அதுல நுழைஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. யாஹூ 2013ல ஒரு வருஷத்துக்கு மேல தொடாம கிடந்த ஐடிகளை எடுத்து கேட்டவங்களுக்குக் குடுத்தாங்க. என்னோடது யார்கிட்ட இருக்கோ, இல்ல சும்மா கிடக்கோ. தூக்கிட்டேன்.

லாகின் ஹிஸ்டரில ஒரு மணி நேரத்துக்குள்ள மூணு நாடு காட்டுது. மூணு பேர் இல்ல, ஒரே ஆள் ஐபியை (நெட்ல நம்ம அட்ரஸ் மாதிரி ஒரு நம்பர்) மாத்தி மாத்தி வர்றான் போல. சக்ஸஸ்னு பச்சைல ஒரே ஒரு லாகின் மட்டும் நான் போனதே இல்லாத ஊர்ல இருந்துச்சு, கை நடுங்கிருச்சு, டைமைப் பாத்தா அது நான்தான், மொபைல் டேட்டால போனா ஐபி எங்கயோ இருக்கிற ஊரைக் காட்டும்.

ஜூன் 9

இன்னிக்குக் காமெடி. மெயில்ல கோட் வர்றதுக்குப் பதிலா அத்தென்டிகேட்டர் ஆப் போடலாம்னு க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுனா, ஆப் காட்டுற ஆறு நம்பரைப் போட்டாலும் தப்புங்குது. அடுத்த நம்பர், தப்பு. அதுக்கு அடுத்தது, தப்பு. சரி ஹேக்கர் உள்ளயே உக்காந்து என்னைப் பாத்துச் சிரிக்கிறான்னு முடிவு பண்ணி அக்காவுக்கு போன் போட்டேன்.

"போன்ல டைம் சரியா இருக்கா?"

நாலு நிமிஷம் முன்னாடி ஓடுது. அந்த ஆப்புக்கு நெட்டே வேணாமாம், ஸ்கேன் பண்ணப்ப ரெண்டு பக்கமும் பகிர்ந்துக்கிட்ட ஒரு ரகசியமும் அந்த நேரமும் சேந்துதான் நம்பரு, 30 செகண்டுக்கு ஒண்ணு மாறும். கடிகாரம் ஓரளவுக்கு மேல முன்னபின்ன இருந்தா சர்வர் ஒத்துக்காது. கடிகாரம் எப்படி ஓடிப்போச்சுன்னு கேட்டாங்க. சொல்லவே கூச்சமா இருந்துச்சு. போன்ல ஒரு மிட்டாய் ஒடைக்கிற கேம், ஒரு உயிர் திரும்ப வர அரை மணி நேரம் காத்திருக்கணும், அதுக்காக நான் ஆட்டோமேட்டிக் டைமை ஆஃப் பண்ணிட்டு மணியைத் தள்ளி வச்சு தள்ளி வச்சு ஏமாத்திட்டு இருந்தேன், திரும்ப வைக்கிறப்ப குத்துமதிப்பா வச்சிட்டேன். அக்கா சிரிச்ச சிரிப்புல அவங்க பையனே எந்திரிச்சுட்டானாம்.

ஆட்டோமேட்டிக் டைம் ஆன். மொத தடவையே உள்ள விட்டுச்சு. போன் தொலைஞ்சா உள்ள போறதுக்குக் குடுக்கிற பேக்கப் கோடெல்லாம் பேப்பர்ல எழுதி வச்சேன்.

ஜூன் 12

இன்னிக்கு நடந்ததை எழுதறப்பவும் கை சில்லுன்னு இருக்கு.

எங்க கில்ட்ல இன்னொரு பையன், நாலு வருஷப் பழக்கம், மெசேஜ் போட்டான். "மச்சி எங்க டீமுக்கு டோர்னமென்ட்ல ஒரு ஓட்டு போடு." லிங்க். தொறந்தா அழகா ஒரு பக்கம், டீம் லோகோ எல்லாம் இருக்கு, ஓட்டு போட லாகின் பண்ணுன்னு குட்டி விண்டோ வந்துச்சு. மேல அட்ரஸைப் பாத்தேன், கேம் கம்பெனியோட அட்ரஸேதான், எழுத்துக்கு எழுத்து சரி, பூட்டுப் படமும் இருக்கு. இவ்ளோ பாத்துட்டுதான் டைப் பண்ணப் போனேன், நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டுப் போகல.

ஆனா பாஸ்வேர்ட் மேனேஜர் வாயே தொறக்கல. வழக்கமா பெட்டில கர்சர் வச்சாலே நான் போடவான்னு எட்டிப் பாக்கும். ஆறு நாளா அதோட பழகுனதுல அது சும்மா இருந்ததுதான் உறுத்துச்சு. அந்தக் குட்டி விண்டோவைப் புடிச்சு பிரவுசருக்கு வெளிய இழுத்தேன். வரல. ஓரத்துல முட்டி நின்னுச்சு. அது விண்டோவே இல்ல, அந்தப் பக்கத்துக்குள்ளயே வரைஞ்சு வச்ச படம், அட்ரஸ், பூட்டு எல்லாம் சேத்து. மேனேஜர் பாக்கறது பக்கத்தோட நிஜ அட்ரஸை, அதான் அது வாயைத் தொறக்கல. கோடைப் போட்டிருந்தா அதையும் 30 செகண்டுக்குள்ள அவன் அந்தப்பக்கம் போட்டிருப்பான், என் ஆப் எல்லாம் ஒண்ணுக்கும் ஆகியிருக்காது.

அந்தப் கில்ட் பையனுக்கு போன் போட்டேன். "டேய் நீதானா அனுப்புனது?" "எது?" ரெண்டு நாளா அவன் அக்கவுண்ட் அவன் கைல இல்லயாம், வெக்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல. டூ ஃபேக்டர், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல கோட் கேக்குற ரெண்டாவது பூட்டு எல்லாம் போட்டுத்தான் வச்சிருந்தான். கேம்ல ஏமாத்தி ஜெயிக்க ஏதோ சீட் டூல்னு ஒரு ஃபைலை ஓட விட்டிருக்கான், ஆன்டிவைரஸ் கத்தவும் அதை ஆஃப் பண்ணிட்டு ஓட விட்டிருக்கான் மகராசன். அது பிரவுசர்ல இருந்த குக்கீயை (நாம லாகின் ஆயிட்டோம்னு அடையாளம் காட்டுற சீட்டு மாதிரி) அள்ளிட்டுப் போயிருச்சு. ஏற்கெனவே லாகின் ஆன குக்கீ கையில இருந்தா பாஸ்வேர்டும் வேணாம் கோடும் வேணாம். திட்டணும்னுதான் வாயெடுத்தேன், மணியைத் தள்ளி வச்சவன் எந்த மூஞ்சியோட திட்டறது.

ஜூன் 15

அவனுக்கு அக்கவுண்ட் திரும்ப வந்துருச்சு. மொத மொத பணம் கட்டுன ரசீது நம்பரைக் கேட்டிருக்காங்க, பழைய மெயில்ல தேடி எடுத்துக் குடுத்தான். ஸ்கின்லாம் (கேம்ல ஆளுக்கும் ஆயுதத்துக்கும் போடுற அலங்காரம்) காலி, வித்துட்டாங்க. வித்தா காசு வருதுன்னாதான் திருடன் வர்றான், ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையை நடத்துற வால்வ் கம்பெனியே 2015ல எழுதுனாங்க, மாசத்துக்கு சுமார் 77,000 அக்கவுண்ட் பறிபோகுதுன்னு. கம்ப்யூட்டரை மொத்தமா துடைச்சுட்டுதான் அவன் புது பாஸ்வேர்ட் வைக்கணும்னு அக்கா கறாரா சொல்லிட்டாங்க.

எனக்கு நேத்து ராத்திரியும் ரெண்டு மெயில். ஆனா இப்ப வர்றது கோட் இல்ல, ரீசெட் மெயில். மொத பூட்டுக்கே திரும்பப் போயிட்டான். ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு போனைக் கவுத்து வச்சேன்.

மிட்டாய் கேம்ல அஞ்சு உயிரும் தீந்து போச்சு. ரெண்டரை மணி நேரமாம். உக்காந்துட்டு இருக்கேன்.