அந்தப் பெட்டி யாருக்கு?

விமான நிலையச் சுவரில் மாட்டியிருந்த ஏஇடி (துடிப்பு தாறுமாறான இதயத்துக்கு மின் ஷாக் கொடுக்கும் கருவி) பெட்டியைக் காட்டி, "இது என்னப்பா?" என்று கேட்டான் ஒரு பையன்.

"டாக்டருங்க யூஸ் பண்றது, தொடாதே" என்றார் அப்பா.

அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. பக்கத்தில் நிற்கும் யார் வேண்டுமானாலும் எடுக்கத்தான் அதை அங்கே மாட்டியிருக்கிறார்கள்!

பச்சைப் பின்னணியில் வெள்ளை இதயம், அதற்குள் மின்னல் கீற்று. அதுதான் அடையாளம்.

ஒருவர் சட்டென்று விழுகிறார். கூப்பிட்டால் அசைவில்லை. மூச்சும் இல்லை, அல்லது விட்டுவிட்டுத் திணறுகிறது. (அந்தத் திணறலை மூச்சு என்று நம்பிவிடாதீர்கள்.) ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும், ஒருவர் பெட்டிக்கு ஓடட்டும், ஒருவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகத்தில் அழுத்தட்டும். எதுவுமே செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

கருவியை ஆன் செய்தால் அதுவே பேசும். நெஞ்சின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, வலது காறை எலும்புக்குக் கீழே கருவியின் ஒட்டும் பட்டை ஒன்று, இடது அக்குளுக்குக் கீழே விலாவில் இன்னொன்று. பட்டையிலேயே படம் இருக்கும்.

தப்பாக ஷாக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. இதயத் துடிப்பைக் கருவியே அலசும், தேவையில்லை என்றால் ஷாக் கொடுக்காது. அலசும்போதும் ஷாக்கின்போதும் யாரும் விழுந்தவரைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். ஷாக் முடிந்த கையோடு மறுபடி அழுத்தத் தொடங்குங்கள்.

நாளைக்கு ஆபீஸிலோ ஜிம்மிலோ கேட்டுப் பாருங்கள்: ஏஇடி எங்கே இருக்கிறது? பூட்டிய அறைக்குள் என்றால், வெளியே மாட்டச் சொல்லுங்கள்.