சிசிலிக் கடலில் ஒரு வலை

நேத்து ராத்திரி தேவனாம்பட்டினம் மணல்ல மாமாவோட உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷமா விசைப்படகுதான் அவருக்குப் பொழப்பு. "சிசிலித் தீவுப் பக்கம் 3,500 மீட்டர் ஆழத்துல விஞ்ஞானிங்க கண்ணாடி உருண்டைகளைச் சரம் சரமா நிறுத்தியிருக்காங்க மாமா"ன்னேன்.

"அத்தினி ஆழத்துல என்னடா மாட்டும்?"

நியூட்ரினோன்னு ஒரு நுண்துகள். நம்மையும் பூமியையும் துளைச்சிட்டு எதையும் தொடாம போயிடும். எப்பவாவது ஒண்ணு தண்ணியிலயோ கடலடிப் பாறையிலயோ மோதினா மியூவான்னு ஒரு துகள் பிறக்கும். தண்ணிக்குள்ள ஒளியே போற வேகத்தைவிட இது வேகமா ஓடும். அப்போ நீல வெளிச்சம் விரியும், படகுக்குப் பின்னாடி அலை விரியுதே, அப்படி. உருண்டைக்கு 31 ஒளி உணரிகள். எது எப்போ மினுங்குச்சுன்னு நானோ நொடிக் கணக்குல பார்த்துத் திசையைப் பிடிக்கிறாங்க.

"கடல்ல பூச்சி மினுக்குமே, குழப்பாது?"

அசந்துட்டேன். அவங்களுக்கும் அதேதான் தலைவலி! அந்த உயிரொளியையும், உப்புத் தண்ணில இருக்கிற பொட்டாசியம்-40ங்கிற கதிரியக்கப் பொருள் கிளப்புற வெளிச்சத்தையும் கழிச்சாகணும்.

2023 பிப்ரவரி 13 அன்னிக்கு, கிட்டத்தட்ட கிடைமட்டமா ஒரு நியூட்ரினோ வந்துச்சு. அதோட ஆற்றல் சுமார் 220 பீட்டா எலக்ட்ரான் வோல்ட் (துகள் ஆற்றலை அளக்கிற அலகு). அதுவரை பதிவானதுலயே பெருசு. (நம்ம காத்து மண்டலத்துலயே பிறக்கிற வளிமண்டல நியூட்ரினோவை உலகத்துல முதல்ல பிடிச்ச இடங்கள்ல ஒண்ணு நம்ம பக்கத்துக் கோலார் தங்கவயல், 1965ல. இதை ஏன் பள்ளிக்கூடத்துல யாருமே சொல்லல?)

"அந்த சைஸ்ல எத்தினி மாட்டுச்சு?"

"ஒண்ணே ஒண்ணு மாமா."

"டீசல் காசுக்கே தேறாது போல"ன்னுட்டு ஐஸ் ஏத்தக் கிளம்பிட்டார்.