செஞ்சிக்கு ஆறு லிட்டர்

ஜனவரி 5, திங்கள்
புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுத் தூண்களும் செஞ்சிக் கோட்டையிலிருந்து வந்தவை. 1750 முதல் 1761 வரை அந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. உப்புக்காற்றில் இத்தனை காலம் நின்றும் செதுக்கல் விரலுக்குத் தட்டுப்படுகிறது. செஞ்சியில் வெங்கடரமணர் கோயிலைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

ஜனவரி 6
மலை ஏறலாமா என்று கேட்டதற்கு டாக்டரிடமிருந்து பதில் வரவில்லை.

ஜனவரி 9, வெள்ளி
தண்ணீர்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை 800 அடி உயரம். மொகலாயர் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. மதில் எவ்வளவு தடித்தால் என்ன, குடிக்கத் தண்ணீர் இல்லாத மலை எட்டு நாள் தாங்காது. இங்கே மழைநீரைப் பாறைச் சரிவிலேயே தேக்கினார்கள். அடிவாரத்தில் சக்கரக்குளமும் செட்டிக்குளமும். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலின் மேல்தளங்களுக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் ஏறியிருக்கிறது. குளம் மேட்டிலும் குழாய் பள்ளத்திலுமாக இருந்தால் தண்ணீர் தன் மட்டத்தைத் தேடி எழும்பும். ஒரே ஒரு மூட்டு பிளந்தாலும் மேலே வராது. அந்த மூட்டை அடைத்த கைகளை நினைத்தால் மதிலைவிட இதுதான் பெரிய வேலை என்று படுகிறது.
நமக்கு மேலே குடிதண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. தலைக்கு இரண்டு லிட்டர், மூன்று பேருக்கு ஆறு.

ஜனவரி 12
காணும் பொங்கலன்று வேண்டவே வேண்டாம். படியில் கூட்டம் நின்றால் வெயிலில் நாமும் நிற்க வேண்டும். 24ஆம் தேதி, சனிக்கிழமை போகலாம்.

ஜனவரி 15
பொங்கல். இன்னும் பதில் இல்லை. எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 19, திங்கள்
புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர், அங்கிருந்து செஞ்சி 28. திருவண்ணாமலை போகும் பேருந்தில் ஏறலாம். செஞ்சிப் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ. விடியலில் கிளம்பினால்தான் சரிப்படும். பத்து மணிக்கு மேல் கருங்கல் சூட்டைத் திருப்பி முகத்தில் அடிக்கும். பிற்பகலில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் மலையேற விடமாட்டார்கள்.
கையில் கேரிபேக் கூடாது. பிளாஸ்டிக் சரசரத்தாலே குரங்கு பாய்ந்துவிடும். தண்ணீர், ஆரஞ்சு, உப்புக்கடலை எல்லாம் ஜிப் வைத்த முதுகுப்பைக்குள். செருப்பு வேண்டாம், அடி தேயாத ஷூ. படிகள் ஒன்றுபோல் இல்லை: ஒன்று அரை அடி, அடுத்தது முழங்கால் வரை. நடுவில் தேய்ந்து வழவழக்கும், அதன்மேல் பொடிமணல் வேறு. வழுக்குவது ஏறும்போதல்ல, இறங்கும்போது. பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, ஓரமாக இறங்க வேண்டும்.

ஜனவரி 22
பதில் வந்துவிட்டது. ஏறலாம், நிதானமாக! அத்தைக்கு வழியில் இருக்கும் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரை போதுமாம்.

ஜனவரி 24, சனி, காலை
களஞ்சியத்தின் சுவர் கனத்தைப் பாருங்கள், உள்ளே போனதும் குளிர்கிறது. நெல்லுக்கு அது வேண்டும்.

அதே நாள், பிற்பகல்
அத்தை அம்மன் கோயில் நிழலில் உட்கார்ந்துவிட்டார். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது: சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே வர வேறு வழியில்லை. அதைத் தாண்டினால் ரங்கநாதர் கோயில். எதிரே கிருஷ்ணகிரி மலை, கீழே கல்யாண மகால், அதற்கும் அப்பால் குளம். குழாய் போன வழியைக் கண்ணாலேயே கோடு போட்டுப் பார்த்தேன்.
வெங்கடரமணர் கோயிலை இறங்கியபிறகு பார்க்க வேண்டும்.
நாலரை லிட்டர் காலி. மூன்றில் ஒரு பங்காவது இறங்குவதற்கு வைத்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், அரை லிட்டர் குறைகிறது.