மரமேறும் கயிற்றில் எடையை எங்கே குறைப்பது?

குமரி மாவட்டத்தின் மலையோர விளைகளில் (தோட்டங்களில்) மரமேறுகிறவர்களுக்குக் கயிற்றின் எடை பெரிய விஷயம். கீரிப்பாறையிலிருந்து மாறாமலைக்குப் போகும்போதும், பேச்சிப்பாறைக்கு அப்பால் உள்ள மேட்டு விளைகளுக்கு நடக்கும்போதும் வெட்டுக்கத்தி, சாக்கு, தண்ணீர், சோற்றுப்பொதி எல்லாம் தோளில் இருக்கும். அவற்றோடு இரண்டு கிலோ கனக்கும் கயிற்றுச் சுருளையும் சேர்த்துத் தூக்க வேண்டும் என்றால், முதலில் வீட்டிலேயே விட்டுப்போகிற பொருளாகக் கயிறுதான் ஆகிவிடுகிறது. ஆகவே எடை குறைந்த கயிற்றைத் தேடுவது முற்றிலும் நியாயமானது. அந்த எடையை எங்கே குறைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: நீளத்தில் குறைக்க வேண்டும், தடிமனில் கை வைக்கக் கூடாது.

எடை குறைந்த மரமேறும் கயிற்றைப் பற்றி மிகுதியாக யோசித்தவர்கள் அமெரிக்காவில் வில்லால் மான் வேட்டையாடுகிறவர்கள் என்று சொல்லலாம். அங்கே பொது நிலக் காடுகள் பலவற்றில் மரத்தில் ஆணியோ திருகுப்படியோ அடிக்கவும், ஏறுமாடம் போன்ற அமைப்பை நிலையாக விட்டுவரவும் அனுமதி இல்லை. அதனால் இடுப்பையும் தொடையையும் தாங்கும் ‘சேடில்’ என்ற பட்டையை மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் முதுகிலேயே சுமந்து சென்று, ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்தில் அடிமரத்தோடு கயிற்றால் தம்மைப் பிணைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கிறார்கள். சுமையைக் குறைக்க அவர்களில் பலர் 8 அல்லது 9 மி.மீ. கயிற்றுக்கு மாறியிருக்கிறார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்திருப்பதால் நமக்கு வேண்டியது அவர்களுடைய வில் அன்று, அவர்களுடைய கயிற்றுக் கணக்கு. சக்கை (பலா) பறிக்கவும், அயனியில் (காட்டுப் பலாவில்) கிளை கழிக்கவும், தேன் எடுக்கவும் ஏறுகிற நாம் அந்தக் கணக்கில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

12 மீட்டர் உயரத்தில் கவை (கிளை பிரியும் இடம்) உள்ள ஓர் அயனி மரத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமாகச் செய்வதுபோல் கயிற்றைக் கவையின் மேல் போட்டு இரட்டையாகத் தொங்கவிட்டால், கட்டுவதற்கான மிச்சத்தையும் சேர்த்து 26 மீட்டராவது வேண்டும். 11 மி.மீ. பாதுகாப்புக் கயிறு மீட்டருக்கு ஏறத்தாழ 75 கிராம் இருக்கும் என்பதால் இதன் எடை ஏறத்தாழ 2 கிலோ. அதையே மீட்டருக்கு 40 கிராம் அளவில் உள்ள 8 மி.மீ. கயிறாக மாற்றினால் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். இதுதான் மெல்லிய கயிற்றின் கவர்ச்சி. ஆனால் வேட்டைக்காரர்களில் பலர் கயிற்றை இரட்டையாகப் போடுவதில்லை. அடிமரத்தைச் சுற்றி ஓடுமுடிச்சால் சுருக்குப் போட்டு, ஒற்றைக் கயிற்றில் இறங்கிவிட்டு, சுருக்கின் கண்ணில் முன்பே கட்டியிருந்த ஒரு மெல்லிய இழுகயிற்றைத் தரையிலிருந்து இழுத்துக் கயிற்றை மீட்டுக்கொள்கிறார்கள். நம் அயனிக்கும் அப்படிச் செய்தால் 11 மி.மீ. கயிறு 14 மீட்டர் போதும். அதன் எடை 1,050 கிராம். மீட்டருக்கு 6 கிராம் அளவிலுள்ள 3 மி.மீ. இழுகயிறு 14 மீட்டரைச் சேர்த்தாலும் 1,140 கிராமுக்குள் முடிந்துவிடுகிறது. பிரதான கயிறு 10 மி.மீ. ஆக இருந்தால் மொத்தமே ஒரு கிலோதான். மெல்லிய கயிற்றால் எவ்வளவு எடை குறைகிறதோ, அதே அளவு நல்ல தடிமனுள்ள கயிற்றிலும் குறைந்துவிடுகிறது.

இரட்டைக் கயிற்றில் ஒவ்வொரு பக்கமும் பாதிச் சுமையைத்தான் தாங்குகிறது என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது உண்மைதான், ஆனால் வெட்டுக்கத்தி ஒரு பக்கத்தில் பட்டு அது அறுந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே போய்விடும். கயிற்றைக் கவையின் மேல் போட்டு மறுமுனையை அடிமரத்தின் கீழ்ப்பகுதியில் கட்டிவிட்டு ஏறும் வழக்கமும் உண்டு. அதில் ஏறுகிறவரின் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு சுமை மேலேயுள்ள கிளையில் விழுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அடிமரத்தைச் சுற்றிய சுருக்கில் அந்தக் கூடுதல் சுமை இல்லை.

இந்த முறைக்கென்று சில கட்டாயங்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் குறைத்தால் ஆபத்தாகிவிடும். குறுகிய கயிற்றில் இறங்குகிறவர் அதன் முனையைத் தாண்டிப்போகும் அபாயம் எப்போதும் இருப்பதால், மேலே போவதற்கு முன் அடி முனையில் பருமனான ஒரு முட்டுமுடிச்சுப் போட்டிருக்க வேண்டும். தரையில் இறங்கியதும் அதே முடிச்சை அவிழ்த்த பிறகுதான் இழுகயிற்றை இழுக்க வேண்டும். இல்லையென்றால் அது மேலே போய்ச் சுருக்கின் கண்ணில் சிக்கிக்கொள்ளும், கயிற்றை எடுக்க மறுபடியும் ஏற வேண்டியிருக்கும். சுருக்கு எப்போதும் ஒரு உறுதியான கவைக்கு மேலே இறுகி நிற்க வேண்டும். வழுவழுப்பான அடிமரத்தில் வெறுமனே இறுக்கினால், சுமை விலகும்போதெல்லாம் அது நழுவும். ஏறும்போது சுருக்கைத் தலைக்கு மேலே தள்ளித் தள்ளி இறுக்கிக்கொண்டே போக வேண்டியிருப்பதால், கிளையைத் தாண்டுகிற ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம் அந்தக் கயிறு நம்மைப் பிடிக்காது. அப்போது பிடிப்பதற்கு இரண்டரை முதல் மூன்று மீட்டர் நீளமுள்ள இடைக்கயிறு ஒன்று அடிமரத்தைச் சுற்றித் தனியாக இருக்க வேண்டும். இதன் எடை கால் கிலோவுக்கும் குறைவு. முசுறு எறும்பு கூடு கட்டிய மரத்தில் கை வைத்தவர்களுக்கு இந்த இரண்டாவது பிணைப்பின் அருமையை விளக்க வேண்டியதில்லை. கழுத்தில் முசுறு கடிக்கும்போது கை தானாகவே பிடியை விடும்.

மரத்தின் உயரம் தெரியாமல் கயிற்றை வெட்டக் கூடாது. இழுகயிற்றிலேயே மீட்டருக்கு ஒரு முறை மையால் அடையாளம் இட்டு, சிறிய மணல்பையைக் கட்டிக் கவைக்கு மேல் எறிந்து அளந்துகொள்வது எளிது. புதுக் கயிற்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால் ஐந்து விழுக்காடு வரை சுருங்கக்கூடும். 14 மீட்டர் தேவைப்படுகிறவர் 15 மீட்டர் வாங்குவது நல்லது.

இனித் தடிமனுக்கு வருகிறேன். 8 மி.மீ. கயிறு அறுந்துவிடும் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. துணைக்கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 564, 8 மி.மீ. கயிறு குறைந்தது 12.8 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 1,300 கிலோ தாங்க வேண்டும் என்கிறது. சிக்கல் கையில்தான் தொடங்குகிறது. வியர்வையோ மழையோ பட்ட கையால் 8 மி.மீ. கயிற்றைப் பிடித்து உடலை ஓர் அடி மேலே இழுத்துப்பார்த்தாலே அது விளங்கிவிடும். எங்கள் பக்கத்தில் சக்கை வெட்டுகிற ஒருவரிடம் அப்படியொரு கயிற்றைக் கொடுத்தபோது, ஒரு கையில் சுற்றி இழுத்துப் பார்த்துவிட்டு, “இது கையில தங்கமாட்டேங்குது அண்ணாச்சி” என்று உடனே திருப்பிக் கொடுத்தார். அவருடைய உள்ளங்கையில் வரிபோல் சிவந்த தடம் விழுந்திருந்தது.

கைக்கு அடுத்தது பிடிமுடிச்சு, அதாவது பிரதான கயிற்றைச் சுற்றிக் கட்டி, சுமை விழும்போது இறுகி நம்மைப் பிடிக்கும் முடிச்சு. புருசிக் போன்ற முடிச்சுகள் பிரதான கயிற்றைவிட மெல்லிய கயிற்றால் கட்டப்பட்டால்தான் இறுகிப் பிடிக்கும். இரண்டுக்கும் இடையே 2 மி.மீ. வித்தியாசமாவது வேண்டும். பிரதான கயிறு 8 மி.மீ. என்றால் முடிச்சுக் கயிறு 6 மி.மீ. ஆகிவிடும். அதே தரத்தின்படி 6 மி.மீ. கயிற்றின் குறைந்தபட்சத் தாங்குதிறன் 7.2 கிலோநியூட்டன்தான், முடிச்சே அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், வேகமாக இறங்கினால் உராய்வுச் சூடு இன்னொரு பகுதியைத் தின்னும். 10 அல்லது 11 மி.மீ. கயிற்றில் 8 மி.மீ. முடிச்சுக் கயிறு கட்டலாம், பிடி இறுகுவதும் தளர்வதும் சீராக இருக்கும். முடிச்சுக்குப் பதிலாக இறங்கும் கருவி வைத்திருப்பவர்கள், அதன் மேல் பொறித்திருக்கும் தடிமன் எல்லையைப் பார்க்க வேண்டும். 8.5 மி.மீ. முதல் என்று பொறித்த கருவியில் 8 மி.மீ. கயிறு பூட்டாமல் ஓடிவிடலாம்.

வேட்டைக்காரர் ஒருமுறை ஏறி, ஒருமுறை இறங்குகிறார், இடையில் அசைவதில்லை. நாமோ ஒரே காலையில் பல மரங்களில் ஏறி, கிளைக்குக் கிளை நகர்ந்து, சொரசொரப்பான அயனிப் பட்டையில் கயிற்றை உரசிக்கொண்டே இருக்கிறோம். மெல்லிய கயிற்றின் மேலுறையும் மெல்லியது. அந்த உறை தேய்ந்து உள்ளிழை வெளியே தெரியும் நாள் நம்மிடம் மிக விரைவில் வந்துவிடும். இதனால்தான் ஈ.என். 1891 தரத்தின் ‘ஏ’ வகைக் கயிற்றை நான் பரிந்துரைக்கிறேன். அது குறைந்தது 22 கிலோநியூட்டனும், முனைகளில் முடிச்சிட்ட நிலையில் 15 கிலோநியூட்டனும் தாங்க வேண்டும். மலையேறுவோர் பயன்படுத்தும் இழுபடும் கயிறு, விழுகிறவரை ஏந்துவதற்காகச் செய்யப்பட்டது; மரத்தில் அது ஒவ்வொரு அசைவுக்கும் மேலும் கீழும் ஊஞ்சலாடி, கவையில் உரசித் தேயும். இழுபடாத கயிற்றைத் தேர்ந்தெடுக்கிறவர் அதில் தொய்வு விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொய்ந்த கயிற்றில் சிறிய உயரத்திலிருந்து விழுந்தாலும் உடலில் கடுமையான அதிர்ச்சி இறங்கும்.

இழையைப் பொறுத்தவரை நம் மாவட்டத்துக்குப் பாலியஸ்டர் உறையே பொருத்தம் என்பது என் முடிவு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நமக்கு உண்டு. நைலான் நனைந்தால் வலுவில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இழப்பதுடன், தண்ணீர் குடித்துக் கனக்கவும் செய்யும். பாலியஸ்டர் மிகக் குறைவாகவே நீரை ஏற்கும். இதைவிட முக்கியமான காரணம் நம் ரப்பர் புரைகளில் (கொட்டகைகளில்) இருக்கிறது. பாலை உறையவைத்து ஷீட் அடிப்பதற்கு நாம் வைத்திருக்கும் ஆசிட் பெரும்பாலும் பார்மிக் அமிலம். அது நைலானைக் கரைக்கக்கூடியது. நைலானையும் பாலியஸ்டரையும் ஆய்வகத்தில் பிரித்தறிவதற்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். அமிலக் கேன் இருக்கும் புரையில், அதே ஆணியில், மரமேறும் கயிற்றையும் மாட்டிவைப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தெறித்த அமிலத்தின் பாதிப்பு வெளியே தெரியாமலேயே இருக்கலாம். கயிறு எந்த இழையானாலும் அதற்கு இடம் வீட்டுக்குள், வெயில் படாத உலர்ந்த மூலைதான்.

மிக இலேசான டைனீமா இழையை யாராவது பரிந்துரைத்தால் இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். அது ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸிலேயே உருகும். முடிச்சு அதில் வழுக்கும். வேட்டைக்காரர்களின் 8 மி.மீ. கயிறுகள் சிலவற்றில் மேலுறையை டெக்னோரா என்ற சூடு தாங்கும் இழையால் பின்னுவதற்கு உராய்வுச் சூடுதான் காரணம். ஆனால் டெக்னோரா வெயிலிலும், திரும்பத் திரும்ப மடிவதிலும் வலுவிழக்கும், விலையும் மிக அதிகம்.

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ வன்பொருள் கடையில் ‘நைலான் கயிறு’ என்று கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பாலிபுரப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டால் தெரிந்துவிடும்: மிதந்தால் அவை, மூழ்கினால் நைலானோ பாலியஸ்டரோ. படகு கட்டவும் வலை இழுக்கவும் அவை நல்லவை. முறுக்குக் கயிறாக இருப்பதால் தொங்குகிற ஆளைச் சுழற்றும், வெயிலில் நொறுங்கும், உயிரை ஒப்படைக்கத் தக்கவை அன்று. தரச்சான்று பெற்ற கயிற்றின் வெட்டுமுனையை விரித்துப் பார்த்தால், உள்ளிழைகளுக்கு நடுவே நூல்போல் மெல்லிய ஒரு நாடா ஓடுவதைக் காணலாம். தயாரிப்பாளரின் பெயர், தர எண், இழையின் வகை, தயாரித்த ஆண்டு ஆகியவை அதில் நீளம் முழுவதும் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டிருக்கும். அந்த நாடா இல்லாத கயிற்றை என்ன விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை.

எல்லா மரத்துக்கும் இந்த ஏற்பாடு பொருந்தாது. நல்லமிளகுக் கொடி படர்ந்த மரத்தில் சுருக்கை இழுத்தால் கொடி கிழிந்து வரும். அங்கே மூங்கில் ஏணிதான். கிராம்பு மரத்தின் கிளைகள் எளிதில் முறியக்கூடியவை என்பதால் அதிலும் ஏணியை நாற்புறமும் இழுத்துக் கட்டிவிட்டு, இடைக்கயிற்றை நடு அடிமரத்தில் மட்டும் பிணைக்க வேண்டும்.

சக்கை இறக்குகிற கயிறு வேறு, ஆள் தொங்குகிற கயிறு வேறு என்பதில் எந்தச் சமரசமும் கூடாது. சக்கை இறக்கும்போது கயிறு கிளைமேல் சுமையோடு ஓடிச் சூடாகிறது, சக்கைப் பால் ஊறி விறைக்கிறது. பால் ஒட்டிய இடத்தில் பிடிமுடிச்சு ஒரு சமயம் இறுகியே நிற்கும், ஒரு சமயம் வழுக்கும். ஆளுக்கான கயிற்றில் பால் பட்டால் வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். கைக்குத் தடவுகிற தேங்காய் எண்ணெயைக் கயிற்றில் தடவினால் பிடிமுடிச்சு நிற்காது. ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்பும் கயிற்றை முழு நீளத்துக்கும் விரல்களுக்கு இடையில் ஓட்டிப் பார்த்து, உள்ளே மெலிந்தோ கட்டியாகவோ விறைத்தோ ஓர் இடம் தட்டுப்பட்டால், அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சம் எட்டு மீட்டருக்கு மேல் நல்ல நிலையில் இருந்தால் சிறிய மரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். வெட்டியதும் புதிய முனையில் முட்டுமுடிச்சைப் போட்டு, குறைந்த நீளத்தைத் துணியில் எழுதி அதிலேயே தைத்துவிட வேண்டும்.