சில்லை கலானில் ஸ்ரீநகர்: ஹரீஸா, நூன் சாய், காய்ந்த கத்தரிக்காய்

குளிர்காலத்தில் ஸ்ரீநகர் போய் ஹோட்டல் பஃபேயில் பனீர் பட்டர் மசாலா சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த ஊரின் சமையல் உச்சத்தில் இருப்பதே ஜனவரியில்தான். ஊர் வந்து சேர்ந்து பெட்டியைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். போகும் வழி, தங்கும் இடம், சாப்பாடு, செலவு என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வழி. பனி கொட்டி நெடுஞ்சாலை மூடினால் விமானக் கட்டணம் தாறுமாறாக ஏறிவிடும். நாங்கள் பார்த்தபோது அப்படித்தான் ஏறிக் கிடந்தது. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத்தில் இடம் கிடைக்கவில்லை. மிச்சமிருந்தது ஜம்முவிலிருந்து ஷேர் சுமோ. ஆளுக்கு 1,200 ரூபாய். ஹீட்டர் ஓடும் என்று சொல்லித்தான் ஓட்டுநர் ஏற்றினார். ஹீட்டர் கடைசிவரை ஓடவில்லை. என் பக்கத்துக் கண்ணாடி முழுதாக ஏறவுமில்லை. அந்த இடுக்கு வழியாக வந்த காற்றில் காது மரத்துப்போய், மனைவியின் துப்பட்டாவை வாங்கிச் சுற்றிக்கொண்டேன்.

சேனானி–நாஷ்ரி சுரங்கப்பாதை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பீரா என்ற இடத்தில் வண்டி நின்றது. சாலையோரம் வரிசையாக ராஜ்மா சாவல் கடைகள். அந்த வழியில் போகிறவர்கள் எல்லோரும் இங்கே நிறுத்திச் சாப்பிடுவது வழக்கம். மலையில் விளையும் சின்ன ராஜ்மா. தோல் தெரியாத அளவுக்கு வெந்து குழைந்திருந்தது. சூடான சோறு, அதன்மேல் ராஜ்மா, அதற்கும் மேல் கரண்டி நிறைய உருக்கிய நெய். தொட்டுக்கொள்ள உலர் மாதுளை விதையும் புதினாவும் அரைத்த புளிப்புச் சட்னி. என் மனைவி சைவம். வடக்கே போனால் தனக்கு ரொட்டியும் தயிரும்தான் கதி என்று புலம்பிக்கொண்டே வந்தவள் இரண்டாவது தட்டு கேட்டாள். வழியில் பட்ட அத்தனை கொடுமையையும் மறக்க அந்தச் சட்னி ஒன்றே போதும்.

ராம்பனைத் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. மேலேயிருந்து கல் உருண்டு விழுகிறது, அப்புறப்படுத்துகிறார்கள் என்றார்கள். ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் நடுவில் குளிர்காலத்தில் இது சகஜம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காஷ்மீரிப் பெரியவர் பதறவேயில்லை. ஃபெரன் என்னும் நீள அங்கிக்குள் கைவிட்டுக் காங்கிரியை, அதாவது கனல் போட்ட சட்டியை, அணைத்தபடி, "இந்த ரோடு இப்படி மூடிக்கொள்வதால்தான் எங்கள் வீடுகளில் காய்கறியைக் காயப்போடுகிறோம், மகனே" என்றார். பள்ளத்தாக்கில் பனி விழுந்தால் வயலில் பெரிதாக ஒன்றும் விளையாது. வெளியிலிருந்து வரவேண்டிய லாரியும் வராது. அதனால் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளி, டர்னிப் எல்லாவற்றையும் அறுத்துக் கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிட்டுச் சேர்த்துவைப்பார்களாம். ஹோக் சியூன் என்பது அந்த வற்றல்களுக்கெல்லாம் பொதுப்பெயர். எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். கடையில் கேட்காதே, வீட்டில் கேள் என்றார்.

சாலை திறந்து பனிஹால் வந்தபோது இருட்டிவிட்டது. மேலே போக முடியாது, காலையில்தான் என்றார் ஓட்டுநர். மீதிக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்ரீநகர் வரைக்கும் பணம் வாங்கிவிட்டுப் பாதியில் இறக்கிவிடுவது பகல் கொள்ளை. இரவு அங்கேயே ஓர் அறையில் தங்கி, காலையில் ரயில் பிடித்தோம். பீர் பஞ்சால் மலையைக் குடைந்து போகும் 11 கி.மீ. சுரங்கம், வெளியே வந்தால் கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை. டிக்கெட் 50 ரூபாய்க்குள்தான். சுமோவில் ஏறுகிறவர்கள் பனிஹால் வரைக்கும் மட்டும் பேசி ஏறுங்கள்.

ஸ்ரீநகர் ரயில் நிலையமான நவ்காம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் 700 கேட்டார். வெளியே மெயின் ரோடு வரைக்கும் நடந்தோம், 300-க்கு வண்டி கிடைத்தது.

தங்கியது ராஜ்பாகில் ஒரு வீட்டின் மாடி அறை. அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பு, கட்டிலில் மின்சாரப் போர்வை, கரண்ட் போனால் வெந்நீர்ப் பை. அது போதும். இதைவிடச் செலவு செய்து ஏரிக்கரையில் அறை எடுக்க ஒரு காரணமும் இல்லை.

இப்போது சாப்பாடு. டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்குச் சில்லை கலான் என்று பெயர். இந்த நாட்களில் பழைய நகரத்தில், ஜீலம் ஆற்றுப் பாலங்களை ஒட்டிய ஆலி கதல் பக்கம், விடிவதற்கு முன்பே ஹரீஸாக் கடைகள் திறந்துவிடுகின்றன. நாங்கள் போனபோது தெருவில் நாய்கூட இல்லை, வாய்க்காலில் தண்ணீர் உறைந்து கிடந்தது. கடைக்குள் காலடி வைத்ததும் தரையே சூடாக இருந்தது. மேடைக்கு அடியில் விறகு அடுப்பு. மேடையில் பதித்த பெரிய மண் தேக்கின் (அண்டாவின்) வாய் மட்டும்தான் வெளியே தெரியும். அதன் அருகே சம்மணமிட்டு உட்கார்ந்து கடைக்காரர் நீளமான மரக் கரண்டியால் உள்ளே கிண்டிக்கொண்டே இருந்தார்.

ஆட்டுக்கறியை இரவெல்லாம் வேகவைத்து, எலும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, அரிசியும் சோம்பும் பட்டையும் ஏலக்காயும் சேர்த்து, கறி எது அரிசி எது என்று தெரியாத வரைக்கும் மசிப்பதுதான் ஹரீஸா. கரண்டியைத் தூக்கினால் நார்நாராக இழுபட்டு வந்து தட்டில் மெதுவாக அமர்ந்தது. மேலே ஒரு துண்டு கபாப் வைத்தார். அப்புறம் சின்ன வாணலியில் புகைந்துகொண்டிருந்த எண்ணெயைச் சர்ரென்று ஊற்றினார். அந்தச் சத்தத்துக்கே பசி இரட்டிப்பானது. கூடவே தந்தூரிலிருந்து நேராக வந்த கிர்தா ரொட்டி. விரல் பதித்த வரிகள் அதன் முதுகில் அப்படியே இருந்தன. பிய்த்து, அள்ளி, வாயில் போட்டால் மெல்லவே வேண்டாம். முதலில் சோம்பின் இனிப்பு, பிறகு கறியின் கொழுப்பு, கடைசியில் எண்ணெயின் காரல். இரண்டு வாய்க்குள் விரல் நுனிவரை சூடு வந்துவிட்டது. மணமாகிப் போன மகளின் புகுந்த வீட்டுக்குக் குளிர்காலத்தில் ஹரீஸா கொடுத்தனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறதாம். எங்கள் கண்முன்னே பாத்திரம் கொண்டுவந்து கிலோக் கணக்கில் வாங்கிப் போனார்கள்.

விலைதான் கொஞ்சம் உறைக்கும். கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல். இரண்டு பேர் இருந்தால் கால் கிலோ வாங்கிப் பகிர்ந்தாலே மதியம் வரை பசிக்காது. எனக்குக் கூட்டுக்கு ஆள் இல்லாததால் முழுதும் நானே சாப்பிட்டேன், மதியச் சாப்பாட்டுச் செலவு மிச்சம். எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறியபின் போனால் தேக் காலி.

மனைவிக்கு என்ன என்று கேட்பீர்கள். வீட்டுக்கார அம்மாவிடம் ஹோக் சியூன் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. டூரிஸ்ட் யாரும் இதைக் கேட்டதே இல்லை என்றார். கத்தரி வற்றலை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, கடுகெண்ணெயில் வதக்கி, காஷ்மீரி மிளகாய், சோம்புப் பொடி, சுக்குப் பொடி, கொஞ்சம் புளி சேர்த்து இறக்கினார். பச்சைக் கத்தரிக்காயில் வராத ஒரு அழுத்தமான ருசி, கறி மாதிரி மென்று தின்னலாம். இன்னொரு நாள் சுரைக்காய் வற்றலைப் பருப்போடு செய்து போட்டார். வெங்காயம், பூண்டு எதுவும் இல்லை, பெருங்காயமும் சோம்பும்தான் வாசனைக்கு. வாஸ்வானைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அது கல்யாணச் சாப்பாடு, நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மைனஸ் ஐந்து டிகிரியில் உடம்புக்குத் தெம்பு கொடுத்தது இந்த வற்றல் குழம்பும் சோறும்தான்.

நூன் சாயை முதல் வாயிலேயே ஒதுக்கிவிடாதீர்கள். உப்புப் போட்ட தேநீர் அது. பச்சைத் தேயிலையைச் சோடா மாவோடு சுண்டச் சுண்டக் கொதிக்கவிட்டு, குளிர்ந்த நீர் விட்டு, கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றினால் டிகாஷன் செக்கச் செவேலென்று ஆகிறது. பால் விட்டதும் ரோஜா நிறம். அப்படியே குடிப்பதைவிட, எள் தூவிய சோச்வோர் ரொட்டியை முக்கிச் சாப்பிட வேண்டும். காந்தூர் எனும் ரொட்டி சுடுபவரின் கடையில் காலையிலும் சாயங்காலமும் சுடச்சுடக் கிடைக்கும். ஒரு ரொட்டி பத்து ரூபாய்தான். எங்கள் மாலைச் சிற்றுண்டிச் செலவே அவ்வளவுதான்.

செலவில் பெரும்பகுதி போக்குவரத்துக்குத்தான் போனது. சாப்பாட்டுக்கு ஆனது சொற்பம். அறை பேசும்போது ஹோட்டல்காரர்கள் காலை உணவு, இரவு உணவு சேர்த்த பேக்கேஜைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லி அறை வாடகை மட்டும் பேசுங்கள். பழைய நகரத்துக் கடைகளுக்குக் கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், விடியற்காலை ஆட்டோவை முந்தின இரவே சொல்லிவையுங்கள். திரும்பும் டிக்கெட்டை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போடுவது நல்லது. ராம்பன் ரோடு எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.