தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தால் இஇஜியில் (மூளையின் மின்னலைப் பதிவு) எப்படித் தெரியும்?

குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வரும் பெரியவர்களுக்குச் சீட்டில் 'மறதி, தடுமாற்றம்' என்று மட்டும் இருக்கும். கீழே விழுந்தாரா என்று கூட வந்தவரைக் கேட்டாக வேண்டும். "மூணு வாரம் முன்னாடி கிணத்தடியில வழுக்கிட்டாருங்க, காயம் ஒண்ணுமில்ல" என்று பதில் வந்தால், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் தேங்கியிருக்குமோ என்ற எண்ணத்தோடுதான் பதிவைத் தொடங்குவோம்.

அப்படித் தேங்கிய ரத்தம் மூளையின் மின்னலையை, தலைத்தோலில் நாம் ஒட்டும் எலக்ட்ரோடு வரை முழுசாக வரவிடாது. அந்தப் பக்கம் அலை தணிந்துபோகும். மூளைக்குள்ளேயே கசிந்தால் வேறு மாதிரி: அந்த இடத்தில் நொடிக்கு 4-க்கும் குறைவான, ஒழுங்கில்லாத டெல்டா அலைகள். ரத்தக்குழாய் அடைத்த பக்கவாதத்திலும் இதே டெல்டா வரும் என்பதால் இஇஜி பக்கத்தைச் சொல்லுமே தவிர, காரணத்தைச் சொல்லாது. இரண்டு பக்கமும் ரத்தம் தேங்கினால் பக்கமும் தெரியாமல் போகலாம். 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியபோது சி.டி. ஸ்கேன் என்பதே கிடையாது; முதல் நோயாளிக்கு அது எடுக்கப்பட்டது 1971-இல். இன்று சந்தேகம் வந்தாலே ஸ்கேன்தான். இஇஜிக்காக அதைத் தள்ளிப்போடவே கூடாது.

இடமும் வலமும் ஒப்பிடும் வேலை இது. அளவு பிசகினால் எல்லாம் பொய். மூக்குத்தண்டின் மேல்பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை 36 செ.மீ. என்றால் 3.6-இல் எலக்ட்ரோடு அளவின் முதல் புள்ளி, பிறகு 7.2-க்கு ஒன்று. ஒரு பக்கம் எலக்ட்ரோடுகள் நெருங்கினாலே அங்கே அலை சிறுத்துவிடும். எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே, இருபுறமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். தேங்காயெண்ணெய்த் தலையில் இது நடக்காது. முந்தின இரவே ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

எங்களை அதிகம் ஏமாற்றுவது வேலூர் வெயில்தான். வியர்வை மெதுவான அலையாக ஆடி டெல்டா போலவே தெரியும். எலக்ட்ரோடை ஒட்டும் பேஸ்ட் வழிந்து பக்கத்து எலக்ட்ரோடோடு சேர்ந்தால் கோடு தட்டையாகிவிடும், ரத்தம் தேங்கினது போலவே. அறையைக் குளிர்வித்து, துடைத்து, மறுபடி ஒட்டிப் பாருங்கள். மின்விசிறிக் காற்றில் ஒயர் ஆடவிடாதீர்கள். தலைத்தோலைத் தடவிப் பார்ப்பது முக்கியம்: வெளியே வீங்கியிருந்தாலும் அலை தணியும், மண்டையோட்டில் பழைய அறுவை ஓட்டை இருந்தால் அங்கே அலை உயரும், அப்போது நல்ல பக்கம்கூடத் தணிந்தது போலத் தோன்றும்.

கசிவுச் சந்தேகம் உள்ளவரை, இஇஜியில் வழக்கமாகச் செய்வதுபோல 3 நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொல்லக் கூடாது. அது மூளை ரத்தக்குழாய்களைச் சுருக்கும்.

இரண்டு மாண்டேஜிலும் (எலக்ட்ரோடுகளை இணைத்துப் பார்க்கும் முறை) ஒரே பக்கம் பாதிக்கும் மேல் தணிந்திருந்தால் ரிப்போர்ட் டைப் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். "வலப்பக்கம் அலை தணிவு, விழுந்திருக்கிறார்" என்று டாக்டருக்கு உடனே போன் செய்யுங்கள். அதுவரை நோயாளியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.