வியாழக்கிழமைத் தலையிடி

குடும்ப நல உத்தியோகத்தராக நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பணியேற்றபோது மண்முனைப் பாலம் கட்டப்பட்டிருக்கவில்லை. 2014 இல் அது திறக்கப்படும் வரை, எங்கள் ஊரில் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் சைக்கிளை ஏற்றி வாவியைக் கடந்து, மறுகரையில் இறங்கி, வயல்களுக்கிடையே செல்லும் கிரவல் வீதிகளில் வீடு வீடாகப் போய்வருவேன். ஓர் உத்தியோகத்தருக்கு ஏறத்தாழ 3,000 பேர் என்பது நாட்டின் பொதுக் கணக்கு. கர்ப்பிணிகளின் நிறை, குழந்தைகளின் தடுப்பூசி, திரிபோஷச் சத்துமாப் பைகள் என்று பதிவேடு நிறைய எழுதுவதற்கு இருந்ததால், எழுதி முடித்துவிட்டால் கடமையும் முடிந்தது என்றே முதல் சில ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையை மாற்றியவர் இரண்டு பிள்ளைகளின் தாயான ஒரு பெண். பிடரியில் தொடங்கி நெற்றி வரை ஏறும் தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, கை விறைப்பு என்று எட்டு மாதங்களாக வைத்தியசாலைக்கும் தனியார் கிளினிக்குக்கும் அலைந்திருந்தார். இரத்தப் பரிசோதனையிலோ ஈசிஜியிலோ குறை எதுவும் தெரியவில்லை. அன்று நான் பார்த்தபோதும் பிரஷர் 118/76 தான் இருந்தது. "உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்று எல்லோரும் சொல்லிவிட்டதால், தான் பொய் சொல்வதாக ஊர் நினைக்குமோ என்ற பயமும் அவருடைய வலியோடு சேர்ந்திருந்தது.

திண்ணையில் அமர்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தலையிடி எந்த நாளில் கூடுதலாக வரும் என்று, பெரிய நோக்கம் எதுவுமின்றித்தான் கேட்டேன். சுளகு நின்றது. கல் பொறுக்குவதுபோல் அரிசியை விரலால் கிளறினாரே தவிர, கல் எதையும் எடுக்கவில்லை. "புதன் ராவையில தொடங்கும் மிஸ்ஸி. வியாழக்கிழம காசு கட்டணும்" என்றார். வாராந்த நுண்கடன். ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்து, அப்போது மூன்றாகியிருந்தது. கடன் சேர்க்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே பிடரி இறுகுகிறது என்றும், வெளிநாட்டில் இருக்கும் கணவருக்கு இது தெரியாது என்றும் மெதுவாகச் சொன்னார்.

அவருடைய வலி உண்மையானது என்பதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். பயம் வரும்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் இறுகுகின்றன. சற்று நேரத்தில் தணிய வேண்டிய இந்த ஆயத்த நிலை வாரந்தோறும், மாதக்கணக்கில் நீடித்தால் நித்திரை கெடும், பசி மாறும், தலை இடிக்கும். எங்கள் பக்கத்துப் பெண்கள் மனக்கவலையை 'யோசினை' என்பார்கள். ஆனால் கிளினிக்குக்கு வந்து "யோசினை" என்று சொல்ல வெட்கப்பட்டு, நாரிநோ, தலையிடி, நெஞ்சடைப்பு என்று உடலின் பெயரிலேயே சொல்வார்கள். அதைக் கேட்பவருக்கு அவசரம் இருந்தால் பனடோலோடு உரையாடல் முடிந்துவிடும்.

"யோசிக்காதீங்க" என்ற ஆறுதலை அன்றோடு நான் கைவிட்டேன். கடன் இருக்கும்போது யோசிக்காமல் எப்படி இருப்பது? மனநலக் கிளினிக்குக்கு அவரை அனுப்பிவைத்தேன். முதல் நாள் கூடவே போனேன். நாள் முழுவதும் இயங்கும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைப் பதிவட்டையின் பின்புறத்தில் எழுதிக்கொடுத்தேன். கடன் தவணை பற்றிப் பேச அயலில் இருந்த இரண்டு பெண்கள் அவரோடு சென்றார்கள். கணவரிடம் விடயத்தைச் சொல்ல அவருக்கு மேலும் ஒரு மாதம் எடுத்தது. தலையிடி முற்றாக நீங்கவில்லை; ஆனாலும் புதன் இரவுகளில் நித்திரை வருவதாகச் சொன்னார். கடன் குறையாமல் மருந்து மட்டும் அந்த நித்திரையைக் கொடுத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இவ்வளவையும் மற்றவர்களுக்காகப் பார்த்துக்கொண்டிருந்த நான் என்னைப் பார்க்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மாதக்கணக்கில் முகாம்களில் குழந்தைகளின் நிறையைப் பார்த்துக்கொண்டு, உறவுகளை இழந்த தாய்மாருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். எங்கள் குடும்பத்திலும் இழப்பு இருந்தது. அழ நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். மற்றவர்களும் அதைத் துணிச்சல் என்று பாராட்டினார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் பகல் உணவு மூன்று மணிக்கு, இடையில் இரண்டு கரண்டிச் சீனியோடு நாலைந்து தேநீர், இரவில் பதிவேடு என்று நாட்கள் ஓடின. ஒரு நாள் வேலைத்தலத்தில் பிரஷர் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க என் கையிலேயே கட்டிப் பார்த்தபோது 160/100 காட்டியது. கருவியில் பிழை என்று நினைத்து மூன்று தரம் பார்த்தேன். கருவியில் பிழை இருக்கவில்லை.

மருந்து தொடங்கினேன், உப்பைக் குறைத்தேன். கருவாட்டை விடுவதுதான் மிகவும் கடினமாக இருந்தது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருந்தேன். அதையே இப்போது கல்லடியில், 1924 ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலத்தில், மாலை அரை மணி நேரம் நடப்பதாக மாற்றிக்கொண்டேன். முதல் வாரங்களில் கடற்கரைப் பக்கம் திரும்பாமல் வாவியை மட்டும் பார்த்து நடந்தேன். கூட வந்த சிநேகிதி ஒரு மாலையில் காரணம் கேட்டார். சுனாமியில் போன என் சின்னம்மாவைப் பற்றி, அத்தனை வருடங்களுக்குப் பிறகு, பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

வேலைத்தலத்திலும் ஒரு சிறு மாற்றம் செய்தோம். 12.45 க்குப் பதிவேடுகளை மூடிவிட்டு, வேப்பமரத்தடி வாங்கில் எல்லோருமாகச் சோற்றுப் பார்சலைப் பிரிப்பது என்று வைத்துக்கொண்டோம். புதிதாக வந்த தங்கச்சி ஒருத்தி களத்திலிருந்து வரப் பிந்தினால் மற்றவர்கள் பிரிக்காமல் இருப்போம். அவள் வந்து கை கழுவிவிட்டு, "இண்டைக்கு ஒரு வீட்டுல கனநேரம் இருந்திட்டன் அக்கா" என்று தொடங்குவாள். அந்த வீட்டுக் கதை முடியும்வரை நாங்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவோம்.